உல்லாசப் பயணமும் பை காக்கும் உம்மாவும்

பெருநாள் கழிந்து பாடசாலை தொடங்க இன்னும் சில நாட்கள் இருக்கும்போது எங்கள் மாதளைப் பகுதி வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "வாப்பா, நாங்க எப்ப ட்ரிப் போற?" முன்பெல்லாம் கண்டி வாவி, நுவரெலியா என்று கேட்ட பிள்ளைகள் இப்போது ஹங்வெல்ல லெஷர் வேர்ல்ட், பண்டாரகம பேர்ள் பே என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். கைத்தொலைபேசியில் படமும் காட்டுகிறார்கள். மறுக்க வாப்பாவுக்கு வாய் வருவதில்லை.

என்னிடம் ஓதும் பிள்ளையொருவரின் உம்மா அண்மையில் மத்ரஸா வாசலில் நின்று கேட்டார்: "மௌலவி, பெரிய புள்ளைகள் வாட்டர் பார்க் போகோணுமாம். சின்னவருக்கு நாலு வயசு. போறது கூடுமா?"

கூடுமா கூடாதா என்பதற்குப் பதில் சொல்ல அரை நிமிடம் போதும். தொழுகை தவறாமல், கடன் படாமல், மார்க்கம் தடுத்த காரியங்களில் கலந்து கொள்ளாமல் பிள்ளைகளை மகிழ்விக்கப் போவதில் குற்றமில்லை. ஆணும் பெண்ணும் கலந்து குளிக்கும் தடாகத்தில் நம் பெண்கள் இறங்குவது ஆகாது. இவ்வளவுதான். ஆனால் அந்தச் சகோதரி கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளையோடு எப்படிப் போவது, அன்று முழுவதும் உம்மா எங்கே இருப்பார் என்பது அது. அதற்குப் பதில் சொல்ல என் வீட்டில் நடந்த ஒரு பிழையைத்தான் சொல்ல வேண்டும்.

ஏழு வருடங்களுக்கு முன் நாங்களும் தங்கச்சி குடும்பமும் ஒரு வேன் பிடித்துக் கொழும்புப் பக்கத்திலுள்ள நீர் விளையாட்டுப் பூங்கா ஒன்றுக்குப் போனோம். இடத்தின் பெயர் வேண்டாம். பிழை அவர்களுடையதல்ல, என்னுடையது. பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் ஏழு பேர். என் மனைவி இரவு இரண்டு மணிக்கு எழுந்து நெய்ச்சோறும் கோழிக்கறியும் சமைத்துப் பன்னிரண்டு பார்சல் கட்டினார். நான் ஸுபஹுக்கு எழுந்து, "இன்னும் வெளிக்கிடலயா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மாதளையிலிருந்து கண்டிக்கு 26 கிலோ மீற்றர். அதற்கப்பால் கடுகண்ணாவ இறக்கத்தின் வளைவுகள். எங்கள் சின்னவளுக்கு அப்போது நான்கு வயது. அந்த இறக்கத்தில் இரண்டு தடவை சத்தி எடுத்தாள். போய்ச் சேரும்போது பத்தரை தாண்டிவிட்டது. நித்திரை போதாத, வயிறு வெறுமையான பிள்ளை. பெரிய பிள்ளைகள் ஏறிய சவாரியின் வாசலில் ஓர் உயரக் கோடு கீறியிருந்தது. அந்தக் கோட்டுக்கு அவள் ஒரு சாண் குறைவு. நானாவும் தாத்தாவும் ஏறிப் போக, இவள் நிலத்தில் உருண்டு அழுதாள். நுழைவுச் சீட்டு வாங்கும் முன் உயரக் கணக்கைக் கேட்க வேண்டும் என்பது கூட எனக்குத் தோன்றவில்லை. 120 சென்ரி மீற்றர், அதாவது சுமார் 4 அடி, இல்லாத பிள்ளையை ஏற்றாத சவாரிகள் பல உண்டு. நான்கு வயதுப் பிள்ளையின் உயரம் சாதாரணமாக 100 சென்ரி மீற்றர் அளவில்தான் இருக்கும். வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு அளந்திருந்தால் அந்த அழுகையை மாதளையிலேயே தவிர்த்திருக்கலாம்.

பிறகு சிறுவர் தடாகம். தண்ணீர் பெரியவர்களின் முழங்காலுக்கும் கீழேதான். பதினொரு வயது மருமகனிடம், "தங்கச்சியப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு நான் மச்சானோடு பேசிக்கொண்டு நின்றேன். என் மனைவி சற்றுத் தள்ளி ஒரு வாங்கில் ஏழு பைகளுக்கும் பன்னிரண்டு சோடிச் செருப்புகளுக்கும் காவலாக அமர்ந்திருந்தார். திடீரென்று அவர் எழுந்து செருப்போடும் உடுப்போடும் தண்ணீருக்குள் ஓடுவதைக் கண்டேன். ஏனென்று விளங்கவில்லை. அவர் சின்னவளைத் தூக்கியபோதுதான், பிள்ளை முகங்குப்புற விழுந்து கிடந்தாள் என்று தெரிந்தது. மருமகன் இரண்டு முழம் தள்ளி நின்று பந்து விளையாடிக் கொண்டிருந்தான். அவன் மேல் குற்றமில்லை, அவனும் ஒரு பிள்ளைதானே. அல்லாஹ் காப்பாற்றினான். பிள்ளை இருமினாள், அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

சகோதரிகளே, தண்ணீரில் அகப்பட்ட பிள்ளை கூக்குரலிடும், கையை அடிக்கும் என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். சிறு பிள்ளைகள் பெரும்பாலும் சத்தமே இல்லாமல்தான் மூழ்குவார்கள். மூச்சு விடவே முடியாதபோது கூப்பிடுவது எப்படி? முகம் அமிழும் அளவு தண்ணீர் போதும், சில நிமிடங்கள் போதும். கையில் மாட்டும் காற்றடைத்த வளையங்களை நம்பவே வேண்டாம். அவை விளையாட்டுப் பொருட்கள், கழன்றும் போகும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை தண்ணீரில் நிற்கும்போது ஒரு பெரியவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். தொலைபேசியைப் பையில் போட்டுவிட வேண்டும். இது வாப்பாவின் வேலை. நம் பெண்கள் தடாகத்தில் இறங்குவதில்லை என்று ஆன பின் வேறு யாருடைய வேலையாக இருக்க முடியும்?

பணம் கொடுத்துப் போகும் பூங்காவுக்கு மட்டுமல்ல இது. எங்கள் மாவட்டத்தில் பம்பரகிரி எல்ல, சேர எல்ல என்று நீர்வீழ்ச்சிகள் இருக்கின்றன. செலவில்லாமல் போய் வரலாம் என்று குடும்பம் குடும்பமாகப் போகிறோம். அங்கே பாசி பிடித்த கல் வழுக்கும், ஆழமும் தெரியாது. மலைக்கு மேல் பெய்த மழையால் கீழே வெயில் எறிக்கும்போதே தண்ணீர் ஏறிவிடவும் கூடும்.

அன்று திரும்பி வரும் வழியில், மனம் கொஞ்சம் ஆறிய பின், வேனுக்குள் எல்லாரிடமும் கேட்டேன், எது நல்லாயிருந்தது என்று. பெரிய பிள்ளைகள் சறுக்கு, ராட்டினம் என்று அடுக்கினார்கள். சின்னவள், "அந்த ஆடு" என்றாள். எந்த ஆடு என்று யாருக்கும் விளங்கவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. நாங்கள் வேனை நிறுத்திய இடத்தில் யாரோ ஒரு வெள்ளாட்டைக் கட்டியிருந்தார்கள். கொண்டு வந்த பாணில் ஒரு துண்டை அதற்குக் கொடுத்தாள். அவ்வளவு கூலியும் சீட்டுப் பணமும் கொடுத்து என் பிள்ளை கண்டு வந்தது ஓர் ஆட்டை. மனைவியிடம் கேட்டேன். "நான் என்னத்தப் பாத்த? பையத்தான் பாத்த" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

அமெரிக்காவில் 1955இல் டிஸ்னிலாண்ட் என்ற பூங்காவைத் திறந்த வால்ட் டிஸ்னி, அந்த எண்ணம் தனக்கு எப்படி வந்தது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தம் பெண்பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு அவர் ஒரு வாங்கில் அமர்ந்து கடலை கொறித்துக் கொண்டிருப்பாராம். பிள்ளையும் பெற்றாரும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இருந்தாலென்ன என்று அந்த வாங்கில் இருந்தபடிதான் யோசித்தாராம். அந்த மனிதரின் மற்றக் காரியங்களை விட்டுவிடுவோம். வாங்கில் அமர்ந்திருப்பவரின் நினைப்பு அவருக்கு வந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். நமக்கோ இதைக் கற்றுக்கொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ஒரு பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளியில் ஈட்டி விளையாட்டுக் காட்டியபோது நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்துக்கொண்டு ஆயிஷா (ரழி) அவர்களுக்கு அதைக் காட்டினார்கள். போதும் என்று ஆயிஷா (ரழி) அவர்களுக்கே தோன்றும் வரை நின்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. பயான்களில் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "நின்றார்கள்" என்ற சொல் அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. தம் பேத்தி உமாமாவைத் தொழுகையிலேயே தோளில் சுமந்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். நம் ஆண்களில் சிலருக்கோ கடைத்தெருவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூச்சம்.

ஆகவே அந்த உம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். சின்னவருக்கு ஆறு, ஏழு வயதாகும் வரை அந்தத் தூரப் பூங்காவைத் தள்ளி வையுங்கள். பெரிய பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள் என்றால் வாப்பாவோ மாமாவோ அவர்களை மட்டும் தனியாகக் கூட்டிப் போகட்டும். குடும்பத்தோடு போகும் பயணத்தைச் சின்னவரின் அளவுக்கும் உங்கள் அளவுக்கும் வெட்டித் தையுங்கள்.

மாதளையாருக்கு அப்படிப்பட்ட இடங்கள் இரண்டு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கின்றன. பின்னவல யானைகள் சரணாலயம் 1975இல் தொடங்கியது. யானைக் கூட்டம் மகா ஓயாவுக்குக் குளிக்க இறங்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு அதற்கு முன் போய்ச் சேர்ந்தால் போதும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் ஒரு நாளுக்குச் சமம். அதற்கு மேல் எதையும் அன்று சேர்க்காதீர்கள். வந்ததற்கு இதையும் பார்ப்போம், அதையும் பார்ப்போம் என்பது பெரியவர்களின் ஆசை. பிள்ளையின் கண் நிறைந்த பின் காட்டுவதெல்லாம் அழுகையில்தான் முடியும்.

பேராதனைப் பூங்கா இன்னும் கிட்ட. 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி. 1821இல் தொடங்கிய தோட்டம். ஒரு நாளில் ஓர் அடி வரை வளரக்கூடிய இராட்சத மூங்கிலும், மரங்களில் தலைகீழாகத் தொங்கும் பெரிய வௌவால்களும், தூக்க முடியாத கனத்தில் காய்க்கும் இரட்டைத் தேங்காயும் அங்கே உண்டு. புல்வெளியில் பிள்ளையை ஓடவிட்டு உம்மாவும் நடக்கலாம். ஆற்றோரத்தில் மட்டும் கை பிடிக்க வேண்டும்.

பேராதனைக்கும் பின்னவலைக்கும் போகிறவர்கள் தொழுகையைச் சுருக்க முடியாது. கஸ்ருடைய தூரம் சுமார் 80 கிலோ மீற்றருக்கு மேல். அங்கேயெல்லாம் லுஹரையும் அஸரையும் அதனதன் நேரத்தில் நான்கு ரக்அத்தாகத்தான் தொழ வேண்டும். கொழும்புப் பக்கம் போனால் ஷாபி மத்ஹபில் கஸ்ரும் ஜம்உம் செய்யலாம். அதன் நிபந்தனைகளை முன்னமே உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்கள் எங்கேயும் இறங்கித் தொழுதுவிடுவார்கள், பெண்கள்தான் தவிப்பார்கள். வழியில் பெண்களுக்குத் தொழ இடமும் மலசலகூடமும் உள்ள பள்ளி எது என்பதை வீட்டிலிருக்கும்போதே வாப்பா விசாரித்து வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். போயா விடுமுறையிலும் கண்டிப் பெரஹர நாட்களிலும் கண்டி வழியே போனால் பிள்ளை வேனுக்குள்ளேயே நாளைக் கழிக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலைநாட்டுப் பாதைகள் பல மண்சரிவால் சேதமடைந்தன. பாதை எப்படி, போகும் இடம் திறந்திருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.

சாப்பாட்டு விடயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு, உம்மாமார் சிலர் ஒப்ப மாட்டார்கள். நெய்ச்சோறு வேண்டாம். பாணும் சம்பலும் அவித்த முட்டையும் வாழைப்பழமும் போதும். முதல் நாள் இரவே வாப்பாவும் பெரிய பிள்ளைகளும் கட்டி வைக்கக்கூடிய சாப்பாடு அது. சின்னவருக்கு மாற்று உடுப்பு இரண்டு, துவாய் ஒன்று, சொப்பிங் பேக் நாலைந்து, ஜீவனி பக்கற் இரண்டு, நிறையத் தண்ணீர். வளைவுப் பாதைக்கு முன் பால் குடிக்கக் கொடுக்க வேண்டாம். முன் ஆசனத்தில் மடியில் வைத்துக்கொண்டு போகவும் வேண்டாம். ஒரு கடதாசியில் தொலைபேசி இலக்கம் எழுதிப் பிள்ளையின் சட்டைப் பைக்குள் வையுங்கள்.

நாங்கள் அடுத்த வருடம் அப்படித்தான் பேராதனைக்குப் போனோம். மச்சானும் நானும் முட்டை அவித்தோம், அதில் மூன்று வெடித்தன. சின்னவள் பெரிய அத்தி மரத்தின் வேர்களுக்கிடையில் ஒளிந்து ஒளிந்து ஒரு மணி நேரம் விளையாடினாள். வேறு எதையும் பார்க்க அவள் ஆசைப்படவில்லை, நாங்களும் இழுத்துப் போகவில்லை. பிறகு அவள் என் மடியில் நித்திரையாகிவிட்டாள். என் மனைவியும் தங்கச்சியும் ஓர்கிட் மண்டபத்தைப் பார்த்து வருகிறோம் என்று கைப்பை கூட இல்லாமல் போனார்கள். நான் ஒரு வாங்கில் அமர்ந்திருந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னையும் பைகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர்கள் திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பைகளைப் பல தடவை எண்ணிப் பார்த்தேன். அந்த முறையும் ஏழுதான்.