தூண்டில் – 9: ரயில் எண்ணப் போனவர்கள்

2022 ஜூன் மாதம். புதுடெல்லி ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் நின்றுகொண்டு, வருகிற ரயில்களையும் போகிற ரயில்களையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் எத்தனை பெட்டி என்றும் எண்ணினார்கள். தினமும் எட்டு மணி நேரம், ஏறத்தாழ ஒரு மாதம். வேலையில் சேர்வதற்கு முந்தைய பயிற்சி அது என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. ஒருவருக்கு டிடிஆர் வேலை, இன்னொருவருக்கு டிராஃபிக் அசிஸ்டென்ட், மற்றொருவருக்கு கிளார்க்.

பதினாறு நடைமேடைகள் உள்ள நிலையம் அது. அங்கே ஓரமாக நின்று ரயிலை எண்ணுகிறவனை யார் நிறுத்திக் கேட்கப்போகிறார்கள்?

மொத்தம் 28 பேர். பெரும்பாலும் பொறியியலோ தொழில்நுட்பமோ படித்தவர்கள். ஆளுக்கு 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை கொடுத்திருந்தார்கள். கூட்டிப் பார்த்தால் 2 கோடியே 67 லட்சம் ரூபாய். டெல்லி காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் செய்தி வெளிவந்தபோது, ரயிலை எண்ண வைத்ததைச் சொல்லிச் சிரித்தவர்கள் நிறையப் பேர். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. வழக்கின் விவரங்களைப் படித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

புகார் கொடுத்தவர் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த 78 வயது முன்னாள் ராணுவ வீரர். பிள்ளைகளை டெல்லிக்கு அழைத்துப்போனவரும் அவரே. வேலையில்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவுவதை வழக்கமாக வைத்திருந்தவர். தனக்கென்று ஒரு காசும் வாங்கவில்லை என்கிறார். அவர் முதலில் மூன்று பேரைத்தான் கூட்டிப்போனார். அந்த மூவருக்கும் பயிற்சி தொடங்கிவிட்டது என்ற செய்தி மதுரைப் பக்கம் பரவியதும் இன்னும் 25 பேர் வந்து சேர்ந்தார்கள்.

இந்த மோசடியின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது. அந்த 25 பேரைப் பிடிக்க ஏமாற்றுக்காரன் ஒரு போன்கூடப் போட்டிருக்க வேண்டியதில்லை. ‘இன்னார் மகன் டெல்லியில் டிரெய்னிங்கில் இருக்கிறான்’ என்று ஊரே அவனுக்காக விளம்பரம் செய்தது. நடைமேடையில் நின்ற பையன் வீட்டுக்குப் பேசும்போது பின்னணியில் ரயில் அறிவிப்பு கேட்டிருக்குமே, அதைவிடப் பெரிய அத்தாட்சி ஒரு தாய்க்கு எதற்கு?

ரயில்வே மருத்துவமனையில் உடல் பரிசோதனை, சங்கர் மார்க்கெட்டில் உள்ள வடக்கு ரயில்வே அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு என்று அடுத்தடுத்து அழைப்பு வந்தது. இடங்கள் எல்லாம் அசல். பயிற்சி ஆணை, அடையாள அட்டை, பணி நியமனக் கடிதம் எல்லாம் போலி. பணம் வாங்குவது மட்டும் எப்போதும் ரயில்வே கட்டடங்களுக்கு வெளியே.

ஓர் அசல் ரயில்வே ஊழியரிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு உடைந்திருக்கும். டிடிஆருக்கும் கிளார்க்குக்கும் ஒரே பயிற்சி என்பது ரயில்வேயில் நடக்காத காரியம். கண்பார்வைத் தகுதியே வேலைக்கு வேலை மாறும்: ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஏ-2, ஜூனியர் கிளார்க்குக்கு சி-2. பயிற்சிக்கென்று தெற்கு ரயில்வேக்குத் திருச்சியிலும், வடக்கு ரயில்வேக்கு உத்தரப் பிரதேசத்தின் சந்தௌசியிலும் மண்டலப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. வகுப்பு, பாடம், தேர்வு எல்லாம் அங்கே உண்டு.

ஆனால் யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாது என்பதே உண்மை. பணம் கொடுத்தவர்கள் தங்களை ஏமாறுகிறவர்களாக நினைக்கவில்லை. குறுக்கு வழியில் ஓர் அசல் வேலையை வாங்குவதாக நினைத்தார்கள். குறுக்கு வழி என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ‘யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, எனக்கும் பிரச்சினை, உங்களுக்கும் பிரச்சினை’ என்று இடைத்தரகர் சொன்னால் அதிலேயே நம்பிக்கை கூடுகிறது. பொய்யை நாம் சோதித்துப் பார்க்காமல் இருக்க அவர் போடும் பூட்டு அது. பூட்டுக்குச் சாவி நம்மிடமே இருக்கிறது. ஆனாலும் திறக்க மாட்டோம்.

அதே பூட்டு பணம் போன பிறகும் வேலை செய்கிறது. லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று 2018இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். காவல் நிலையத்துக்குப் போனால் நம்மையும் சேர்த்து உள்ளே வைப்பார்களோ என்ற பயம் பலரை வீட்டிலேயே உட்கார வைக்கிறது. ஆனால் இந்த டெல்லி விவகாரத்தில் கொடுத்தவர்களை ஏமாற்றப்பட்டவர்களாகவே காவல்துறை எடுத்துக்கொண்டது. புகார் கொடுக்க, சென்னை என்றால் மத்தியக் குற்றப்பிரிவு, மாவட்டங்களில் மாவட்டக் குற்றப்பிரிவு. வங்கிக் கணக்கிலிருந்தோ ஜிபே வழியாகவோ பணம் போயிருந்தால் முதல் சில மணி நேரத்துக்குள் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைப்பது முக்கியம். பணம் கைமாறிக்கொண்டே போவதற்குள் தடுத்துவைக்க வாய்ப்புண்டு. நிலத்தை விற்று ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

அசல் ரயில்வே வேலை எப்படி வரும்? நாடு முழுக்க 21 ரயில்வே தேர்வு வாரியங்கள் இருக்கின்றன, சென்னையில் ஒன்று. அறிவிப்புக்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை வாரியத்தின் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். கணினித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை என்று கட்டங்கள் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதிவெண்கள் அங்கேயே வெளியாகும். இந்த வழியில், அந்தப் பட்டியலில் எண் இல்லாதவருக்கு வேலை இல்லை. எந்த அமைச்சரின் சிபாரிசும், எந்த எம்.பி.யின் லெட்டர்பேடும் அதில் ஓர் எண்ணைச் சேர்க்காது. தேர்வே எழுதாத பிள்ளைக்கு நியமனக் கடிதம் வருகிறது என்றால் கடிதத்தின் முத்திரையையும் கையெழுத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த ஒன்றே போதும்.

எங்கள் தெருவில் ஒரு பையன் மூன்று முறை எழுதி, மூன்றாவது முறை தேறி ரயில்வேயில் சேர்ந்தான். இனிப்போடு வந்தவனை உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு, தாழ்ந்த குரலில் என் அம்மா கேட்டாள்:

“எவ்வளவுப்பா குடுத்தீங்க?”

“ஐந்நூறு ரூபாய் பரீட்சை ஃபீஸ், பெரியம்மா. பரீட்சை எழுதினா அதுலயும் நானூறு திருப்பிக் குடுத்துடுவாங்க.”

அவன் போன பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள். “சொல்ல மாட்டேங்குறான் பாரு,” என்றாள்.

(தொடரும்)