சிறு சேவையகமும் அதன் வாயிலும்

யூபிலி மலரொன்றிலே கணினியைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் ஆற்றலையே வியந்து எழுதுவர். நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் அஃதன்று. கணினி சில வேளைகளில் எமது வேண்டுகோளை மறுக்கின்றது. அம்மறுப்பு எவ்வகைப்படும், அதன் பொருள் யாது, அதனைக் கண்டவர் செய்யவேண்டுவது யாது என்பனவற்றையே விளக்க முயல்கின்றோம். பொருள் சிறிது. எனினும், அதனை அறியாமையால் நேர்ந்த இழப்பொன்றை அண்மையிற் கண்டோம். ஆதலின் மாணவர்க்கும், அவர்க்கு வழிகாட்டும் பழைய மாணவர்க்கும் இதனை எடுத்துரைத்தல் கடனெனக் கருதுகின்றோம்.

ஜிந்துப்பிட்டியில், முருகன் கோயிலுக்கு அணித்தாக, பழைய மாணவர் சிலர் மாலை வேளைகளிற் கணினி கற்பிக்கும் சிற்றறை ஒன்றுண்டு. யூபிலியை முன்னிட்டு, கல்லூரியின் பழைய மலர்களைப் பக்கம் பக்கமாக வருடி ஒரு கணினியிற் சேர்க்கும் பணியை அங்குள்ள மாணவர் மேற்கொண்டனர். அப்பக்கங்களை அறையிலுள்ள ஏனைய கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் எவரும் வாசிக்குமாறு செய்தல் அவர்தம் நோக்கம். அதற்கு வேண்டியது ஒரு சிறு வலைச் சேவையகமே. பைதன் மொழியோடு இலவசமாக வரும் சேவையகத்தை அவர்கள் பயன்படுத்தினர். பல நாள்கள் அது குறைவின்றி இயங்கிற்று.

ஒரு மாலை அது தொடங்க மறுத்தது. 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்னும் சொற்களும், 98 என்னும் எண்ணும் திரையிலே தோன்றின. பொறுப்பாயிருந்த மாணவர் மும்முறை முயன்றார். மும்முறையும் அதே விடை. கணினி பழுதுற்றது எனத் துணிந்து, பணிசெயல் முறைமையை முற்றாக அழித்துப் புதிதாகப் பதித்தார். சேவையகம் உடனே தொடங்கிற்று. தம் மருந்து பலித்தது என அவர் மகிழ்ந்தார். ஆனால் ஆறு மாதமாக வருடிச் சேர்த்த பக்கங்கள் அத்தனையும் அழிந்தன. வேறிடத்திற் பிரதி இல்லை. மூல மலர்களுட் சில இரவலாகப் பெற்றவை. அவை உரியவரிடம் திரும்பிச் சென்றுவிட்டன.

அம்மாணவரை நாம் குறைகூறோம். சேவையகத்தைத் தொடக்கும் கட்டளையை அவருக்குக் கற்பித்தோம். அது மறுக்கும்பொழுது கூறும் சொல்லை வாசிக்கக் கற்பித்தோமல்லோம். அக்குறை எம்முடையது. அதனை நிறைவு செய்யவே இக்கட்டுரை.

சொக்கெட் என்னும் சொல் மின்சாரம் பாவிப்போர் யாவரும் அறிந்தது. சுவரிலுள்ள குதையிலே செருகியைப் பொருத்தியதும் மின் பாய்கின்றது. அவ்வாறே இரு செய்நிரல்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுதற்குப் பொருந்தும் இடத்தை வலையமைப்புச் சொக்கெட் என்பர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தார் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. என்னும் பணிசெயல் முறைமையின் வாயிலாக இவ்வமைப்பு உலகிற் பரவியது. அது தாங்கி நிற்கும் ரி.சி.பி. என்னும் நெறிமுறை, ஜோன் பொஸ்டல் பதிப்பாசிரியராயிருந்து 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் லினக்ஸ், விண்டோஸ் முதலிய முறைமைகள் யாவும் அவ்வழியையே தழுவி நிற்கின்றன. ஆதலின் இதனை ஒருமுறை கற்றவர் எக்கணினியின் முன்னும் மயங்கார்.

சேவையகம் தொடங்கும்பொழுது பணிசெயல் முறைமையிடம் நான்கு வேண்டுகோள்களை ஒன்றன்பின் ஒன்றாக விடுக்கின்றது. ஒரு சொக்கெட்டை ஆக்கித் தருக என்பது முதலாவது. அதனை இன்ன முகவரியில் இன்ன துறையோடு பிணைத்துத் தருக என்பது இரண்டாவது. இதனை 'பைண்ட்' என்பர். வருவோரின் அழைப்புக்குச் செவிசாய்த்திருக்க விடுக என்பது மூன்றாவது. வந்தவரை ஒவ்வொருவராக உள்ளே விடுக என்பது நான்காவது. தொடக்கத்தில் எழும் பிழைகளுட் பெரும்பாலானவை இரண்டாவது வேண்டுகோளாகிய பிணைப்பிலேயே எழுகின்றன. அது மறுக்கப்படின் ஏனையவற்றுக்கு இடமேயில்லை.

முகவரி, துறை என்னும் இரண்டையும் விளங்கிக்கொள்ள ஜிந்துப்பிட்டியை விட்டு வெளியே செல்லவேண்டியதில்லை. கொழும்பிலே தோட்டம் என வழங்கும் குடியிருப்புகளை யாவரும் அறிவர். தெருவிலிருந்து நோக்கினால் தோட்டத்துக்கு ஒரே இலக்கம். உள்ளே சென்றாலோ பல அறைகள். ஒவ்வொன்றுக்கும் அவ்விலக்கத்தின் பின் சாய்கோடிட்டு எழுதும் உப இலக்கம் உண்டு. தபாற்காரர் முதல் இலக்கத்தைக் கொண்டு தோட்டத்தையும், இரண்டாவதைக் கொண்டு அறையையும் அடைகின்றார். கணினியின் ஐ.பி. முகவரி தோட்டத்தின் இலக்கம் போன்றது. துறை எண் அறையின் உப இலக்கம் போன்றது. துறை எண்கள் 0 முதல் 65,535 வரை உள்ளன. வலைச் சேவையகத்துக்கு மரபான துறை 80. மறைகுறியாக்கிய தொடர்புக்கு 443. மேற்கூறிய பைதன் சேவையகம் வேறு கட்டளை இல்லாவிடின் 8000 என்னும் துறையைக் கேட்கும்.

இனி மறுப்புகளை நோக்குவோம்.

முதலாவது, 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்பது. லினக்சில் 98, விண்டோசில் 10048 என்னும் எண்ணோடு இது தோன்றும். கேட்ட அறையில் ஏலவே குடியிருக்கின்றார்கள் என்பதே இதன் பொருள். கணினி பழுதுறவில்லை, தன் கடமையைச் செவ்வனே செய்கின்றது. ஒரே அறைக்கு இரு குடும்பங்களை ஏற்றினால் கடிதம் யாரிடம் சேரும்? ஆதலின் முறைமை மறுக்கின்றது. குடியிருப்பவர் யாரெனக் கண்டறிதலே அடுத்த படி. லினக்சில் 'எஸ்.எஸ்.' என்னும் கட்டளை செவிசாய்த்திருக்கும் துறைகளையும், அவற்றை வைத்திருக்கும் செய்நிரல்களையும் காட்டும். விண்டோசில் 'நெட்ஸ்டாட்' என்னும் கட்டளையோடு ஏ, என், ஓ என்னும் மூன்று எழுத்துகளையும் இட்டால், துறையை வைத்திருக்கும் செய்நிரலின் அடையாள எண் ஈற்று நிரலிலே தோன்றும். அச்செய்நிரல் வேண்டாததாயின் அதனை முடித்துவிடலாம். வேண்டியதாயின் நாம் வேறு துறையை, 8001 போன்ற ஒன்றை, கேட்டல் முறை.

இம்மறுப்புக்கு மற்றொரு காரணமும் உண்டு. அறையைக் காலி செய்தவர்க்கு உரிய கடிதங்கள் மேலும் சில நாள்கள் வந்துகொண்டேயிருக்கும். அன்றே புதியவரைக் குடியேற்றினால் பிறர் கடிதம் அவர் கையிற் சேரும். ரி.சி.பி. நெறிமுறையும் இதனை எண்ணியே, தொடர்பை முதலில் முடித்துக்கொண்ட பக்கத்தைச் சிறிது நேரம் காத்திருக்கச் செய்கின்றது. 1981ஆம் ஆண்டின் ஆவணப்படி இக்காலம் நான்கு நிமிடம். லினக்சில் 60 செக்கன். மாணவர் தாமே எழுதிய சேவையகத்தை நிறுத்தி உடனே தொடக்கினால் மறுக்கப்பட்டு, ஒரு நிமிடத்தின் பின் தானாகவே தொடங்குவது இதனாலேயே. பிணைக்குமுன் 'எஸ்.ஓ. ரீயூஸ் அட்ரஸ்' என்னும் விருப்பத்தேர்வை இட்டால் லினக்சில் இத்தடை நீங்கும். மேற்கூறிய பைதன் சேவையகம் அதனைத் தானே இட்டுக்கொள்கின்றது. விண்டோசிலோ அத்தேர்வு, இயங்கிக்கொண்டிருக்கும் வேறொரு செய்நிரலின் துறையையே பகிர்ந்துகொள்ள இடமளிக்கக்கூடும். ஆதலின் அங்கு அதனை ஆராயாது இடுதல் தகாது.

இரண்டாவது, 'பேர்மிஷன் டினைட்' என்பது. லினக்சில் இதன் எண் 13. 1024க்குக் குறைந்த துறைகளை நிருவாகியல்லாதார் பிணைத்தல் ஆகாது என்பது யுனிக்ஸ் மரபு. தெருவை நோக்கிய முன்னறைகளைத் தோட்டத்துக்கு உரியவர் தம் பொறுப்பிலேயே வைத்திருத்தல் போன்றது இது. 80ஆம் துறையைக் கேட்டு மறுக்கப்பட்ட மாணவர் சிலர், முழு அதிகாரத்தையும் பெற்றுச் சேவையகத்தை இயக்க முயல்வர். அது தவறு. பயிற்சிக்கு 8000 அல்லது 8080 சாலப் போதும். விண்டோசில் 10013 என்னும் எண் தோன்றின், துறையை வேறொரு செய்நிரல் தனக்கே உரியதாகப் பிணைத்திருக்கலாம். அன்றி முறைமையே அதனை ஒதுக்கி வைத்திருக்கலாம்.

மூன்றாவது, கேட்ட முகவரியை வழங்க இயலாது என்பது. லினக்சில் 99, விண்டோசில் 10049. இது அடுத்த தோட்டத்து அறையை எம் தோட்டத்தாரிடம் கேட்டல் போன்றது. கணினிகளுக்கு ஐ.பி. முகவரியை வழங்கும் வழிச்செலுத்தி, மின்சாரம் தடைப்பட்டு மீளும்பொழுது வேறு முகவரியை வழங்கிவிடலாம். நேற்று 192.168.1.5 ஆக இருந்த கணினி இன்று 192.168.1.9 ஆகலாம். பழைய முகவரியைச் செய்நிரலில் எழுதி வைத்தவர்க்கு இம்மறுப்பே விடையாகும். 2022ஆம் ஆண்டில் நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டை அனுபவித்த எம் நாட்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நான்காவது சற்று நுண்ணியது. சேவையகம் பிழையின்றித் தொடங்கும். அக்கணினியில் மலரின் பக்கங்களும் தெரியும். ஆயின் பக்கத்திலுள்ள கைத்தொலைபேசியில் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் சேவையகம் 127.0.0.1 என்னும் முகவரியிற் பிணைக்கப்பட்டிருக்கும். அஃது உள்முற்றத்துக்கு மாத்திரம் திறக்கும் கதவு. வெளியார் வர வழியில்லை. 0.0.0.0 எனக் கொடுத்தால் கணினியின் எல்லா முகவரிகளிலும் கதவு திறக்கும். அவ்வாறு திறக்குமுன், வலையமைப்பில் உள்ளவர் நம்பத்தக்கவரோ என எண்ணுதல் வேண்டும். பயிற்சிக்கான சேவையகங்கள் பொது இணையத்துக்காக ஆக்கப்பட்டவை அல்ல.

இவ்விடத்து, வருபவரின் திரையிலே தோன்றும் இரு செய்திகளை வேறுபடுத்தி அறிதல் நன்று. 'கொனெக்ஷன் ரிபியூஸ்ட்' எனின், கணினியை அடைந்தோம், அத்துறையில் எவரும் செவிசாய்த்திருக்கவில்லை என்பது பெரும்பாலும் பொருள். நெடுநேரம் காத்திருந்து 'ரைம்ட் அவுட்' எனின், விடையே வரவில்லை; தீச்சுவர் இடைமறித்திருக்கலாம், அல்லது முகவரியே பிழையாகலாம். முன்னதற்குச் சேவையகத்தையும், பின்னதற்கு வழியையும் ஆராய்தல் வேண்டும்.

இனி அம்மாலைக்கு மீள்வோம். நடந்தது யாதெனில், அம்மாணவர் முதல் நாள் சேவையகத்தை நிறுத்தும்பொழுது, கொன்ட்ரோல் விசையோடு சி என்னும் எழுத்தை அழுத்தாது, இசட் என்னும் எழுத்தை அழுத்திவிட்டார். லினக்சில் முன்னது செய்நிரலை முடிக்கும். பின்னது அதனை உறங்கச் செய்யும். திரை இரண்டிலும் ஒரே வகையாகவே மீளும். உறங்கும் செய்நிரலோ தன் துறையை விடுவதில்லை. அறையின் உள்ளே தாழிட்டு உறங்கும் ஒருவரை, அறை வெறிதென எண்ணி வெளியே நின்று தட்டியவாறே ஆயிற்று. அவர் உலாவியிலே அப்பக்கத்தைத் திறக்க முயன்றிருந்தால், அது பிழை கூறாது முடிவின்றிச் சுழன்றிருக்கும். உள்ளே ஆள் உண்டு, எழுந்து வரவில்லை என்பதற்கு அதுவே சான்று. 'எப்.ஜீ.' என இரண்டு எழுத்தை இட்டு அச்செய்நிரலை முன்னே கொணர்ந்து, கொன்ட்ரோல் விசையோடு சி அழுத்தியிருந்தால் ஒரு நிமிடத்தில் யாவும் சீராகியிருக்கும்.

பின்னர் அவரது மருந்து பலித்தது எவ்வாறு? மீளப் பதிக்கும்பொழுது கணினி ஒருமுறை அணைந்து எழுந்தது. அணைந்தவுடனே உறங்கிய செய்நிரலும் முடிந்தது, துறையும் விடுபட்டது. அவ்வளவே. வெறுமனே அணைத்து எழுப்பியிருந்தாலும் இப்பயனே கிட்டியிருக்கும். தவறான காரணத்தால் பலித்த மருந்து, பலியாத மருந்தினும் தீயது என்போம். பலியாதது எம்மை மேலும் ஆராயத் தூண்டும். தவறாகப் பலித்ததோ ஆராய்ச்சியை நிறுத்தி, அடுத்த முறையும் அதே அழிவுக்கு இட்டுச் செல்லும்.

ஆதலின் எம் மாணவர்க்கு நாம் கூறும் ஒழுங்கு இது. முதலிற் பிழைச் செய்தியையும் எண்ணையும் முழுமையாக வாசித்து, ஒரு தாளில் எழுதிக்கொள்க. அடுத்து, துறையை வைத்திருப்பவர் யாரெனக் காண்க. பின்னர், கேட்ட முகவரி இக்கணினியினதோ என நோக்குக. அதன்பின் அதிகாரத்தையும் தீச்சுவரையும் ஆராய்க. கணினியை அணைத்து எழுப்புதல் இவற்றின் பின்னரே. முறைமையை அழித்துப் பதித்தல் இப்பிழைகளுள் எதற்கும் மருந்தன்று. இவை அனைத்துக்கும் முன்னதாகச் செய்யவேண்டுவது ஒன்றுண்டு: அரிய கோப்பு எதுவாயினும் அதன் பிரதியை மற்றோரிடத்தில் வைத்தல்.

2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் கல்லூரி மலர்களையும் எண்ணிமப்படுத்தி, எவரும் இலவசமாக வாசிக்குமாறு இணையத்தில் வைத்துள்ளமை யாவரும் அறிந்தது. அத்தகைய பெருஞ் சேவையகமும், ஜிந்துப்பிட்டிச் சிற்றறையிலுள்ள சேவையகமும் தொடங்குங்கால் விடுக்கும் வேண்டுகோள்கள் அதே நான்குதாம். வாயில் சீராகத் திறந்தாலன்றி உள்ளிருக்கும் செல்வம் எவர்க்கும் பயன்படாது.

இழந்த பக்கங்களை மீண்டும் வருடும் பணி தொடங்கிவிட்டது. அதனை நடத்துபவர் முன்கூறிய மாணவரே. இம்முறை ஒவ்வொரு நாளும் பணி முடிந்ததும், அவர் இரண்டு பிரதிகளை எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைக்கின்றார். இரவல் தந்த அன்பர்களைத் தேடி மீண்டும் அணுகி வருகின்றோம். தம் இல்லத்து அலுமாரிகளிற் பழைய மலர்களை வைத்திருக்கும் பழைய மாணவர்கள், அவற்றைச் சில நாள்களுக்கு எமக்கு உதவுவாராயின் பெரிதும் கடமைப்பட்டவராவோம். அவை பழுதின்றித் திரும்பிவரும். அவற்றின் பக்கங்களும் இனி அழியா.