மந்த காலத்தில் ஒப்பந்த வேலை

நம் கல்லூரியினின்றும் பட்டம் பெற்று, அமெரிக்கா சென்று கணினித் தொழிலிற் புகுந்த இளைஞர் சிலர் அண்மையில் எமக்குக் கடிதம் எழுதியிருந்தனர். கடிதங்கள் வெவ்வேறாயினும் வினா ஒன்றே. இருந்த வேலை போயிற்று. நிரந்தர உத்தியோகம் கிடைப்பது அரிதாயிருக்கிறது. ஒப்பந்த வேலையாவது கிடைக்குமா, அதனை எங்ஙனம் தேடுவது என்பதே அது. அவர்கட்குத் தனித்தனியே விடை எழுதினோமாயினும், இவ்வாண்டு வெளிச்செல்லும் மாணவர்க்கும் பயன்படக்கூடுமெனக் கருதி, 2001-ஆம் ஆண்டு மந்தத்தில் அந்நாட்டில் யாம் வேலை தேடி அலைந்த அநுபவத்தையும், அதன்பின் கண்டறிந்தவற்றையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஒப்பந்த வேலையாவது, ஒரு கம்பெனி தனக்கு வேண்டிய ஒரு காரியத்தை முடித்தற்பொருட்டு, ஆறு மாதமோ ஓராண்டோ எனக் காலவரை குறித்து, மணிக்கணக்கிற் கூலி பேசி ஒருவரை அமர்த்திக்கொள்வது. அவர் அக்கம்பெனியின் ஊழியரல்லர். பெரும்பாலும் இடையே ஒரு தரகுக் கம்பெனி நிற்கும். இரண்டு மூன்று நிற்பதும் உண்டு. வேலை கொடுப்போர் மணிக்கு 90 டாலர் கொடுப்பதாகக் கொள்வோம். முதல் தரகர் 15 டாலரும், இரண்டாமவர் 15 டாலரும் எடுத்துக்கொள்ள, உழைப்பவர் கைக்கு 60 டாலரே வந்து சேரும். இத்தொடர் நீளுந்தோறும் கூலி குறையும் என்பது ஒருபுறமிருக்க, கூலி வராதபொழுது அதனைத் தடுத்தவர் யாவர் எனக் கண்டறிவதும் கடினமாகும்.

மந்தம் வந்தவுடன் முதலில் வெளியேற்றப்படுவோர் ஒப்பந்தக்காரரே. அவர்க்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டுவதில்லை. பத்திரிகைகளில் அதுபற்றிச் செய்தியும் வாராது. ஆயினும் இதற்கு மறுபுறம் ஒன்றுண்டு. கம்பெனிகள் நிரந்தர ஊழியரின் தொகையைக் கூட்டலாகாதென்று உத்தரவிட்ட பின்னரும், செய்தே தீரவேண்டிய வேலைகள் எஞ்சி நிற்கும். ஒப்பந்தக் கூலியோ சம்பளக் கணக்கினின்றும் வேறான பிறிதொரு செலவுத் தலைப்பில் எழுதப்படுவது. ஆதலின், நிரந்தர உத்தியோகத்தின் கதவு அடைபட்டிருக்கும்போதே ஒப்பந்த வேலையின் கதவு சிறிது திறப்பதை யாம் கண்டிருக்கிறோம். எந்த வேலை எஞ்சி நிற்கும் என்பதை அறிந்தவரே அக்கதவைக் கண்டுகொள்வர்.

2000-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் நாஸ்டாக் பங்குச் சந்தையின் குறியீடு 5,048 என்னும் உச்சியில் முடிந்தது. 2002 அக்டோபரில் அது 1,114 அளவிற்கு வீழ்ந்தது. ஈராயிரமாம் ஆண்டுப் பிழையைத் திருத்தும் வேலையும் அதற்குள் முடிந்துவிட்டது. அதே வேளையில் எச்-1பி விசாக்களின் ஆண்டு வரம்போ, 2001 முதல் 2003 முடியவுள்ள நிதியாண்டுகட்கு 1,95,000 என உயர்த்தப்பட்டிருந்தது. வேலை சுருங்க, வருவோர் பெருகினர். 2001 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அடையாள அட்டையைக் கொடுத்துச் செல்லுமாறு எம்மிடமும் கூறினர்.

அடுத்த நான்கு மாதங்கள் யாம் செய்தது பெரும் பேதைமை. கண்ட விளம்பரத்திற்கெல்லாம் ரெஸ்யூமேயை அனுப்பினோம். தரகர் பலர் தொலைபேசியில் அழைத்தனர். யாமும் மகிழ்ந்து எல்லோர்க்கும் இசைவளித்தோம். பின்னரே உண்மை விளங்கிற்று. ஐவர் கூறியதும் ஒரே கம்பெனியின் ஒரே வேலை. ஒருவருடைய பெயர் இரு தரகர் வாயிலாக வந்து சேருமாயின், இவரை அழைத்தால் எத்தரகர்க்குப் பணம் தருவது என்னும் வழக்கு எழுமென்றஞ்சி, வேலை கொடுப்போர் அப்பெயரையே தள்ளிவிடுவர். ஆகவே, தரகர் அழைக்கும்போது வேலை கொடுக்கும் கம்பெனியின் பெயரையும், ஊரையும், மணிக்கூலியையும் எழுத்தில் பெறாமல் இசைவளித்தலாகாது. யாருக்கு, எந்நாளில், எவ்வேலைக்கு இசைந்தோம் என ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வது நலம். ஐந்து வாயிலில் நிற்பவனுக்கு ஒரு வாயிலும் திறவாமற்போவது இத்தொழிலின் விந்தை!

எமக்கு வேலை வந்த வழி வேறு. ஈராயிரமாம் ஆண்டுப் பிழை திருத்திய காலத்தில் எமக்கு மேலாளராயிருந்த ஓர் அம்மையார்க்கு, யாதும் வேண்டாமல், "இன்னின்ன வேலை செய்தேன், இப்பொழுது ஓய்வாக இருக்கிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தோம். அவர் அப்பொழுது ஹார்ட்போர்டு நகரில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தார். 1996-இல் இயற்றப்பட்ட ஹிப்பா என்னும் சட்டத்தின்படி, மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளை மின்வழி அனுப்புவோர் யாவரும் 2003 அக்டோபர் 16-ஆம் நாளுக்குள் ஒரே வகைப்பட்ட படிவத்திற்கு மாறவேண்டும். கம்பெனியின் பழைய நிரல்களோ கோபால் மொழியில் எழுதப்பட்டவை. அம்மொழியைப் பழைமையென்று இகழ்ந்து யாமே எம் ரெஸ்யூமேயில் கடைசி வரிக்குத் தள்ளியிருந்தோம்! அதுவே எமக்குச் சோறிட்டது.

இவ்விடத்தே சற்று நின்று நோக்கவேண்டும். புதுமை நாடும் வேலைகள் மந்தத்தில் நின்றுபோகும்; சட்டமும் தவணையும் விதித்த வேலைகள் நில்லா. 2002 சூலையில் இயற்றப்பட்ட சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், பங்குச் சந்தையிலுள்ள கம்பெனிகள் தம் கணக்கு முறைகளின் காவலை ஆண்டுதோறும் சோதித்துரைக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. அதனாலும் கணினிப் பணியாளர்க்கு வேலை உண்டாயிற்று. 2020 ஏப்ரலில் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூ ஜெர்சி மாகாணத்தின் கவர்னர், நாற்பதாண்டுப் பழைமையுடைய கணினிகளைப் பேணக் கோபால் அறிந்தோர் வேண்டுமென வெளிப்படையாய்க் கேட்டார். அவர் கேட்டது தொண்டர்களையே என்பது வேறு கதை. இன்று இத்தகைய தவணைக்கு ஓர் உதாரணம் கூறவேண்டுமாயின், சாப் நிறுவனத்தின் பழைய ஈ.சி.சி. முறைக்குரிய பொதுப் பராமரிப்பு 2027-ஆம் ஆண்டு இறுதியோடு முடிவதாக அறிவிக்கப்பட்டிருப்பதைக் கூறலாம். அதனை நம்பியுள்ள ஆலைகளும் வணிகங்களும் புதிய முறைக்கு மாறுவதற்கு ஆட்களைத் தேடியே ஆகவேண்டும்.

கூலியைப் பற்றியும் கூறவேண்டும். ஆண்டொன்றுக்கு வாரம் 40 மணியாக 2,080 மணி. விடுமுறைக்கு 80, நோய்க்கும் ஓய்வுக்கும் 80, ஒப்பந்தங்கட்கு இடையே வறிதே கழியும் இரு மாதத்திற்கு ஏறத்தாழ 340 கழித்தால், நிற்பது 1,580. மணிக்கு 60 டாலரென்றால் 1,24,800 அன்று, 94,800-தான் வரவு. தனித் தொழில் செய்வோராக 1099 முறையிற் பெறின், நிரந்தர ஊழியர்க்கு எசமானர் செலுத்தும் பாதியையும் சேர்த்து 15.3 சதவிகிதம் வரியும் தாமே இறுக்கவேண்டும். இங்ஙனமிருக்க, மந்தத்தில் கூலியைக் குறைக்கலாமா என வினவுவர். 60-க்குப் பதிலாக 52 டாலருக்கு ஆறு மாதம் உழைத்தால் இழப்பு 8,320 டாலர். 60-ஐ எதிர்நோக்கி ஒரு மாதம் சும்மாயிருந்தால் இழப்பு 10,380. ஆகவே குறைந்த கூலிக்கு இசைவது இழிவன்று. ஆனால் அவ்வொப்பந்தத்தைக் குறுகிய காலத்திற்கே செய்துகொள்க.

இனி, விசாவில் இருப்போர் நிலை வேறு. எமக்கு 2001-க்கு முன்னரே நிரந்தரமாக வசிக்கும் அட்டை கிடைத்திருந்தமையால் யாம் பிழைத்தோம். எச்-1பி விசா உடையவர் தாமே தனித்து ஒப்பந்தம் செய்துகொள்ளல் இயலாது. தம்பொருட்டு மனுச் செய்த கம்பெனியின் ஊழியராகவே ஒப்பந்த வேலைக்குச் செல்லவேண்டும். வேலை நீங்கினால், 2017 சனவரி முதல் உள்ள விதிப்படி, அதிகம் போனால் 60 நாள் தவணை. அதற்குள் வேறொரு கம்பெனி புது மனுவைத் தாக்கல் செய்யவேண்டும். தாக்கலானவுடன் வேலையைத் தொடங்கலாம். அம்மனுவிற்கு முன் தொழில் இலாகாவின் சான்று பெற ஏழு வேலைநாள் செல்லும். ஆதலின் உண்மையில் தேடுவதற்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றரை மாதமே. வாடகை வீடும், பள்ளியிற் படிக்கும் குழந்தையும் உடையவர்க்கு அந்நாட்கள் எத்தகையன என்பதை எமக்கு வந்த கடிதங்களிற் கண்டோம்.

இவ்வச்சத்தையே முதலாகக் கொண்டு வாணிகம் செய்வோர் சிலர் உளர். "வேலை இல்லாதபோது சம்பளமில்லை, பெஞ்சில் இரு" என்பர். வேலையின்மையால் ஊழியரைச் சும்மா வைத்திருந்தாலும், சம்பளம் கொடுத்தே தீரவேண்டுமென்பது 1998-ஆம் ஆண்டுச் சட்டம். மீறினால் பன்னிரண்டு மாதத்திற்குள் தொழில் இலாகாவின் ஊதியப் பிரிவுக்கு முறையிடலாம். வேறு சிலர், இரண்டாண்டு அநுபவத்தை எட்டாண்டென ரெஸ்யூமேயில் தாமே மாற்றி எழுதுவர். எமக்கு அறிமுகமான ஓர் இளைஞர் அதற்கு இசைந்து வேலையிற் சேர்ந்தார். மூன்றாம் நாள், முன்பு வேலை செய்ததாகக் காட்டப்பட்ட கம்பெனியில் உண்மையாகவே வேலை செய்த ஒருவர் அருகில் வந்தமர்ந்து, பழைய நண்பர்களின் நலம் விசாரித்தார். அன்று மாலையே அவர் வெளியேற நேர்ந்தது. தரகர்க்கு யாதொரு கேடும் வரவில்லை. அவர் வேறொருவரை அனுப்பினார்.

2022 முதல் தோன்றிய மந்தத்திற்குக் காரணங்கள் சிறிது வேறு. 2022 மார்ச்சில் பூச்சியத்தை ஒட்டியிருந்த வட்டி விகிதம் 2023 சூலையில் 5.25 முதல் 5.5 சதவிகிதம் வரை ஏறியது. நிரல் எழுதும் செலவை அவ்வாண்டிலேயே கழிக்க இடங்கொடாமல் ஐந்தாண்டிற் பகிர்ந்து கழிக்கச் செய்த வரிவிதி ஒன்றும் 2022-இல் நடைமுறைக்கு வந்து, உள்நாட்டுச் செலவைப் பொறுத்தவரை 2025-இல் நீக்கப்பட்டது. மெட்டா 11,000 பேரையும் கூகுள் 12,000 பேரையும் நீக்கியது இக்காலத்தேயாம். ஆயினும் தேடும் வழி மாறிவிட்டதாக எமக்குத் தோன்றவில்லை. முன்பு உடன் உழைத்தோர் இருபதின்மரின் பெயரை எழுதுக. வேலை கேளாமல், செய்த வேலையைச் சொல்லி நான்கு வரி வரைக. அவ்விருபதின்மருள் எவர் காப்பீட்டிலோ, வங்கியிலோ, அரசாங்கத்திலோ இருக்கின்றனரோ அவர்க்கு முதலில் எழுதுக.

ஹார்ட்போர்டு வேலையிலும் எமக்கு ஓர் இடர் நேர்ந்தது. வேலை கொடுத்த கம்பெனிக்கும் எமக்கும் இடையே தரகர் இருவர் இருந்தனர். மேலிருந்து பணம் வந்தாலன்றிக் கூலி தரப்படாது என ஒரு நிபந்தனை எம் ஒப்பந்தத்தில் இருந்தது. அவசரத்தில் யாம் அதனை ஊன்றிப் படிக்கவில்லை. ஏழாம் மாதத்தில், எமக்கு அடுத்திருந்த தரகர் கடையை மூடிவிட்டார். ஆறு வாரக் கூலி நின்றது. நல்வினையாக, வாரந்தோறும் மேலாளர் கையொப்பமிட்ட மணிக்கணக்குத் தாள்களின் பிரதிகளை யாம் வைத்திருந்தோம். அவற்றைக் கொண்டு முதல் தரகரிடம் சென்றோம். அவர் தாம் கீழ்த்தரகர்க்கு இன்னும் செலுத்தாதிருந்த மூன்று வாரப் பணத்தை எமக்கே தந்துவிட்டார். மற்ற மூன்று வாரத்தினது இன்றளவும் வரவில்லை.