நெசவாலை ஊரில் முளைத்த சர்வர் நிறுவனம்

இணையதளம் என்பது கடைசியில் ஒரு கட்டடத்துக்குள் இரவு பகலாக ஓடும் கணினிதான். அந்தக் கணினிக்குப் பெயர் சர்வர். அதில் மாத வாடகைக்கு இடம் விடும் தொழில்தான் வெப் ஹோஸ்டிங். அமெரிக்க நிறுவனங்கள் கோலோச்சும் இந்தத் துறையில் ஐரோப்பாவிலிருந்து எழுந்து நிற்பது பிரான்சின் ஓவிஎச்.

போலந்தில் பிறந்து, பதின்வயதில் குடும்பத்தோடு பிரான்சில் குடியேறிய ஒக்தாவ் கிளாபா 1999இல் இதைத் தொடங்கினார். அப்பா, அம்மா, தம்பி என்று வீடே தொழிலில் இறங்கியது. தலைமையகம் ரூபே. நெசவாலைகளால் செழித்து, அவை மூடியதும் நொடித்துப்போன வடக்கு பிரான்ஸ் ஊர் அது.

குறைந்த வாடகைதான் வாடிக்கையாளர்களை இழுத்தது. அது எப்படிக் கட்டுப்படியானது? சர்வர்களை வெளியே வாங்காமல் நிறுவனமே சொந்தமாகத் தயாரித்தது. அடுத்தது மின்செலவு. சர்வர் அறைகளில் ஏசியே மின்சாரத்தைக் குடித்துவிடும். ஓவிஎச் 2003லேயே தண்ணீருக்கு மாறியது. சூடேறும் சிப்பின் மேல் ஒரு சிறு உலோகக் கட்டி அமர்ந்திருக்கும். அதற்குள் ஓடும் தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறும். மீதி வெப்பத்தை வெளிக்காற்று கொண்டுபோகும். கனடாவின் கியூபெக்கில் நிறுவனம் இடம் தேடியபோது தேர்ந்தெடுத்தது, நீர்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய அலுமினிய ஆலையை. ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழித்த இந்தப் பிடிவாதம் மதிக்கத்தக்கது.

ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலையும் இருந்தது.

2021 மார்ச் 10. நள்ளிரவு தாண்டி நிறுவனத்தின் ஸ்ட்ராஸ்பர்க் வளாகத்தில் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுதும் நாசமானது. பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் லட்சக்கணக்கான தளங்கள் முடங்கின. 'ரஸ்ட்' என்ற இணைய விளையாட்டின் ஐரோப்பிய சர்வர்களில் இருந்த தரவு திரும்பக் கிடைக்கவே இல்லை. தீயணைப்புத் துறையின் அறிக்கை மறைக்காமல் எழுதியது: தானியங்கித் தீயணைப்பு அமைப்பு கிடையாது, மொத்த மின்சாரத்தையும் ஒரே இடத்தில் நிறுத்த வழி கிடையாது, மின்சாரத்தைத் துண்டிக்கவே மூன்று மணி நேரம் போனது. சர்வர்களைக் குளிர்விக்க விட்ட காற்றுவழிகளே புகைபோக்கியாகித் தீயை மேலே இழுத்தன.

இதற்குப் பிறகும் வளர்ச்சி நிற்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நிறுவனம் பாரிஸ் பங்குச் சந்தைக்கு வந்தது. 2023இல் மும்பையிலும் தரவு மையம் திறந்தது.

தீ விபத்து தொடர்பாக வழக்குகளும் வந்தன. பேக்கப் என்னும் தரவு நகல் சேமிப்புக்குத் தனியாகக் காசு கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளர் நிறுவனம், அசலோடு நகலும் ஒரே இடத்தில் எரிந்துபோனதாக லீல் வணிக நீதிமன்றத்துக்குப் போனது. நகல்கள் தனி இடத்தில் இருக்கும் என்று ஒப்பந்தம் சொல்லியிருந்தது. ஒரு லட்சம் யூரோவுக்கும் மேல் இழப்பீடு தரும்படி 2023இல் அந்த நீதிமன்றம் ஓவிஎச்சுக்கு உத்தரவிட்டது.