மூழ்க மறுக்கும் கட்டை

வெள்ளம் வடிந்தபின் தாமிரபரணிக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் மரவேர்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் குளத்துக்கரைகளில் கருவேல வேர்கள் கிடைக்கும். முறுக்கேறிய அந்த வேரை வீட்டு மீன்தொட்டியில் வைத்தால் அழகுதான். ஆனால் வைத்தவுடன் அது மிதக்கும். மறுநாள் நீர் தேநீர் நிறமாகும். வேர் உளுத்துப்போனதாக இருந்தால், சில நாட்களில் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கும்.

மரம் நீரைவிட லேசானது, அதனால் மிதக்கிறது என்கிறோம். இது முழு உண்மையன்று. செல்சுவரின் பொருள் நீரைப்போல் ஒன்றரை மடங்கு அடர்த்தி உடையது! மிதக்கச் செய்வது செல்களுக்குள் அடைபட்ட காற்றே. உலர்ந்த தேக்கின் அடர்த்தியைச் சுமார் 0.65 எனக் கொள்வோம். 100 கன செ.மீ. கட்டையில் மரப்பொருள் ஏறத்தாழ 43 கன செ.மீ.தான், மீதி 57 கன செ.மீ. காற்று. பர்மாவில் பச்சைத் தேக்கு ஆற்றில் சரியாக மிதக்காது என்பதால், நின்ற மரத்திலேயே பட்டையை வளையமாக வெட்டி, உலரவிட்ட பிறகே சாய்த்து மிதக்கவிட்டார்கள். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

வெறுமனே ஊறப்போட்டாலும் மூழ்கும். ஆனால் வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூட ஆகும். நுண்குழாய்களின் இரு முனைகளிலும் நீர் புகுந்துவிட, நடுவில் காற்று அகப்பட்டுக்கொள்வதே காரணம். ஆகவே பட்டையை உரித்து, பழைய பாத்திரத்தில் ஓரிரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். காற்று விரிந்து குமிழிகளாக வெளியேறும். அதன் இடத்தை நீராவி பிடிக்கும். இனிதான் முக்கியமான கட்டம்: அடுப்பை அணைத்து, கட்டை அதே நீரில் அமிழ்ந்தபடியே ஆறட்டும். நீராவி குளிர்ந்து நீராகும்போது உள்ளே அழுத்தம் குறையும். வளிமண்டல அழுத்தம் வெளிநீரை உள்ளே தள்ளும். நீராவி நிரம்பிய தகரடப்பாவை மூடிக் குளிர்வித்தால் நசுங்குகிறதே, அதே தத்துவம். சூட்டோடு வெளியே எடுத்தீர்களானால் நீருக்குப் பதில் காற்றுதான் திரும்பப் புகும், விறகு வீண்.

பழுப்பு நிறம் டானின் என்னும் பொருளால் வருவது. கருவேலம்பட்டையில் இது மிகுதி. தோல் பதனிட உதவுவதும் அதுவே. கொஞ்சம் கசிந்தால் மீனுக்குத் தீங்கில்லை. சண்டைமீன் வளர்ப்போர் வேண்டுமென்றே வாதாம் இலைச் சருகைத் தொட்டியில் போடுகிறார்கள். நிறம் வெளிறும்வரை நீரை மாற்றி மாற்றிக் கொதிக்கவிட்டால் போதும்.

உளுத்த கட்டைதான் ஆபத்து. 30 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் கரையும் ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராமே. அழுகலைத் தின்னும் நுண்ணுயிர்கள் அதில் பங்குக்கு வந்துவிடும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழும் பகுதியைச் செதுக்கி எறியுங்கள். வேம்பு வேண்டாம். கடற்கரைக் கட்டையானால் உப்புப் போகப் பலநாள் நன்னீரில் ஊறவேண்டும். தொட்டியில் வைத்தபின் வெண்பஞ்சுபோல் பூஞ்சை படர்ந்தால், எடுத்துத் தேய்த்துக் கழுவி மறுபடி வைக்கலாம்.