காற்றுக்கு ஒரு கவசம்

மோட்டார் சைக்கிளில் நெடும் பிரயாணம் செய்வோரைக் களைப்படையச் செய்வது சாலையைக் காட்டிலும் காற்றுத்தான். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. 'குரூஸர்' வண்டியிலோ மார்பை நிமிர்த்திக் கைகளை விரித்து உட்காருகிறோம். பாய்மரத்துக்கும் நமக்கும் அதிக வித்தியாசமில்லை!

இதற்குப் பரிகாரம் 'ஃபேரிங்' என்னும் முன்கவசம். 1969-ல் ஹார்லி டேவிட்ஸன் கம்பெனியார் எலெக்ட்ரா கிளைடு வண்டிக்கு அளித்த வௌவாலிறகுக் கவசம் முன் ஃபோர்க்கின் மேல் அமர்ந்தது. கைப்பிடி திரும்பினால் அதுவும் திரும்பும். அமெரிக்கரான கிரெய்க் வெட்டர் 1970-களில் விற்ற 'விண்ட்ஜாமர்' கவசமோ வண்டியின் சட்டத்தில் பொருந்தியது. பக்கக் காற்று அடிக்கையில் இந்த வேற்றுமை விளங்கும். ஃபோர்க்கில் பூட்டிய கவசத்தை அறையும் காற்று, கைப்பிடியையே பற்றி அசைக்கிறது.

குரூஸர்களுக்கென விற்கும் கழற்றி மாட்டும் கவசங்களில் பெரும்பாலானவை ஃபோர்க்கில் பூட்டப்படுபவையே. ஆகையால் மாட்டியதும் கைப்பிடியை இரு புறமும் கடைசி வரை திருப்பிப் பார்த்தல் அவசியம். பிரேக் குழாய் எங்கேனும் நசுங்குமாயின் உயிருக்கே ஆபத்து. கண்ணாடியின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றே தாழ இருக்கட்டும். மழையிரவில் நனைந்த கண்ணாடியினூடே பார்த்து ஓட்டும் கஷ்டம் நம் பகைவருக்கும் வேண்டாம். விளிம்பு மிகவும் தாழ்ந்தாலோ, சுழல்காற்று தலைக்கவசத்தை ஓயாமல் குட்டும். நம் அபிப்பிராயத்தில் அதற்குக் கவசமின்றிச் செல்வதே மேல்.

கோடையில் ஊருக்குள் ஓட்டுகையில் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். வீசுகிற சிறிது காற்றையும் மறைத்துக்கொண்டு வேர்ப்பானேன்? மறுபடி மாட்டும்போது, பூட்டுகள் இறுகினவா என்று ஒருமுறை பலமாக அசைத்துப் பார்த்த பின்னரே புறப்பட வேண்டும்.