பாம்புப் பண்ணையில் ஒரு பாடம்

'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்பது பழமொழி. படை நடுங்குமோ இல்லையோ, என் அம்மா நடுங்குவார். தொலைக்காட்சியில் பாம்பு தோன்றினாலும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். அத்தகையவரையும் உடன் அழைத்துக்கொண்டு, கடந்த கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிண்டி பாம்புப் பண்ணைக்குச் சென்று வந்தோம். அங்கு நான் அறிந்தவற்றை நம் கல்லூரித் தோழர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மயிலாப்பூரில் பேருந்து ஏறி, அடையாறு வழியாகச் சென்று, சர்தார் பட்டேல் சாலையில் காந்தி மண்டபத்தருகே இறங்கினோம். தங்கையின் கையில் புளியோதரைப் பொட்டலம்; அப்பாவின் கையில் தண்ணீர்ப் பாத்திரம். பெருநகரின் நடுவே இப்படி ஒரு காடா என்று வியக்கும்படி அங்கே மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காட்டின் பரப்பு ஏறத்தாழ 270 ஹெக்டேர். புள்ளிமானும் வெளிமானும் இங்கு வாழ்கின்றன. இக்காட்டின் ஓரத்தில்தான் பாம்புப் பண்ணை அமைந்துள்ளது. அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த ரோமுலஸ் விட்டேகர், 1972இல் இதனை இங்கே நிறுவினார்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இப்படி மரத்தடியில உக்காந்திருக்கேன்" என்றார் அம்மா. "வந்ததுதான் வந்தே, ஒரு சுத்து சுத்திட்டுப் போகலாமே" என்று அப்பா வற்புறுத்த, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் பின்னே வந்தார்.

பண்ணை ஊழியர் ஒருவர் கூடியிருந்தோருக்கு எளிய தமிழில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நம்மிடையே உலவும் கதைகள் பலவும் அவர் பேச்சில் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. பாம்பு பழி வாங்காது. ஆளை நினைவில் வைத்துத் தேடி வரும் ஆற்றல் அதற்கில்லை. பால் அதன் உணவன்று. மகுடியின் இசைக்கு அது மயங்குவதில்லை. ஆட்டுகிற மகுடியின் அசைவைக் கண்டே தன் தலையை அசைக்கிறது. சாரை ஆண், நாகம் பெண் என்பதும் தவறு. இரண்டும் வெவ்வேறு இனங்கள். கண்ணைக் கொத்தும் என்று நாம் அஞ்சும் பச்சைப் பாம்பு, உண்மையில் மனிதனுக்குத் தீங்கற்றது.

அப்படியானால் அஞ்ச வேண்டிய பாம்புகள் எவை? நம் நாட்டில் பெரும்பாலான உயிரிழப்புக்குக் காரணமாகக் கருதப்படுபவை நான்கு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கண்ணாடி விரியனும் சுருட்டையும் கடித்தால் வலியும் வீக்கமும் தோன்றும். இரத்தம் உறையும் தன்மை கெடும். நாகத்தின் நஞ்சு நரம்புகளைத் தாக்குவதோடு, கடித்த இடத்திலும் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும்.

கட்டுவிரியனின் கூண்டருகே வந்தபோது அம்மா நின்றுவிட்டார். கருநீல உடலில் மெல்லிய வெண்பட்டைகளுடன் அது சுருண்டு கிடந்தது. ஊழியர் சொன்னார்: "இது இரவில்தான் நடமாடும். தரையில படுத்திருக்கிறவங்க பக்கத்துல வந்துடும். புரண்டு படுக்கும்போது கடிச்சிடும். பல் ரொம்பச் சின்னது. பல பேருக்கு வலியே தெரியாது. வீக்கமும் இருக்காது. விடியக்காலையில வயித்து வலின்னு எழுந்திருப்பாங்க. அப்புறம் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு நிக்கும்."

அம்மா மெல்லக் கேட்டார்: "ஏங்க, கடிச்சது அவங்களுக்கே தெரியாதா?"

"பெரும்பாலும் தெரியாதும்மா."

எனக்கு ஒரு தாய்மாமன் இருந்தார் என்பதை மட்டுமே நான் அறிவேன். அன்று மரத்தடியில் அமர்ந்து அம்மா மீதிக் கதையைச் சொன்னார். அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கிராமத்து வீட்டில் அக்காளும் தம்பியும் ஒரே பாயில் உறங்கியிருக்கிறார்கள். விடியற்காலையில் தம்பி வயிற்று வலி என்றான். அம்மாதான் கஷாயம் வைத்துக் கொடுத்தார். அவன் கண் சொருகியதைத் தூக்கம் என்று எண்ணினார்கள். பிறகு மந்திரிப்பவரை அழைத்தார்கள். மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. மறுநாள் விறகடுக்கில் பாம்பு தென்பட்ட பிறகே காரணம் விளங்கியது. "பக்கத்துலதானே படுத்திருந்தேன், என்னை ஏன் எழுப்பலைன்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன். அவனுக்கே தெரியலையாடா" என்றார். புளியோதரைப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

நண்பர்களே, இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. 2024இல் தமிழக அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றுள் ஒன்றாக அறிவித்தது.

இதற்கு மருந்து உண்டு. பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலில் செலுத்தினால், அதன் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகும். அதனைப் பிரித்தெடுத்தே நச்சுமுறி மருந்து தயாரிக்கிறார்கள். அதற்கான நஞ்சைத் தருவோரில் முதன்மையானவர்கள் நம் இருளர் மக்கள். பாம்புத் தோல் வணிகம் நின்றபின் வாழ்வாதாரம் இழந்த அவர்களுக்காக 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் அது இயங்குகிறது. பிடித்த பாம்பைக் கொல்லாமல், சில முறை நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டில் விடுகிறார்கள். இவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆகவே கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். தரையில் உறங்குவோர் கொசுவலையை பாயின் அடியில் செருகிக்கொள்ளுங்கள். விடியலில் காரணமின்றி வயிறு வலித்து இமை தொங்கினால், பல்தடம் இல்லையே என்று வாளாவிருக்க வேண்டாம்.

மாலையில் திரும்புமுன், அம்மா தாமாகவே உள்ளே சென்று அந்தக் கண்ணாடிக் கூண்டின் முன் சிறிது நேரம் நின்றார். முந்தானை வாயை மூடியிருக்கவில்லை. "வா, போகலாம். பஸ்ல கூட்டம் வந்துடும்" என்று சொல்லி அவரே முன்னே நடந்தார்.